ஊசிக்குத் திறப்பு விழா

சங்குமுனை ஒரு மலைக்கிராமம் என்பதை அரசாங்கம் சென்ற ஆண்டு ஆனி மாதக் கடைசியில்தான் கண்டுபிடித்தது. அதுவரை ஊர்க்காரர்கள் யாருக்கும் அது தெரியாது. கிழக்கே கடல், மேற்கே உப்பளம், நடுவே ஒரு மாதாகோவில், ஒரு மீன் ஏலக்கூடம், ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். அந்த ஊரில் தரையைவிட உயரமானவை கோவில் கோபுரம், செல்போன் டவர், பாத்தி ஓரங்களில் குவித்து வைத்திருக்கும் உப்பு அம்பாரங்கள், அவ்வளவுதான்.

விஷயம் ஓர் ஆணையில் தொடங்கியது. மலைப்பகுதிகளில் பழங்குடி மக்களிடையே வேலை பார்க்கும் சுகாதாரப் பணியாளர்கள் அனைவரும் ஃபுளூ காய்ச்சலுக்கான தடுப்பூசியைக் கட்டாயம் போட்டுக்கொள்ள வேண்டும். போட்டவர்கள் கையில் பச்சைப் பட்டை கட்ட வேண்டும். பச்சைப் பட்டை இல்லாதவர்கள் நோயாளியைத் தொடக்கூடாது. ஆணையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. வைத்தியம் பார்க்கப் போகிறவர் நோயைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரக்கூடாது என்பது நியாயம்தானே. எழுதியவர் யாரோ விவரமானவர். என்ன, எழுதிவிட்டுக் கீழே அனுப்பிவிட்டார்.

கீழே, மாவட்டத் தடுப்பூசிச் சிறப்பு அலுவலராக அருணாசலவடிவு அம்மையார் இருந்தார். மற்ற மாவட்டங்களுக்கெல்லாம் ஊசியும் விழாவும் கிடைக்க, தன் மாவட்டத்துக்கு மட்டும் இல்லாமல் போவதை அவரால் பொறுக்க முடியவில்லை. ஜீப்பை எடுத்துக்கொண்டு விழாவுக்குத் தோதான மலை தேடிக் கிளம்பினார். மதியம் வரை கிடைக்கவில்லை. மூன்று மணி வெயிலில் சங்குமுனை உப்பு அம்பாரம் ஒன்று வெள்ளை வெளேரென்று கண்ணில் பட்டது.

“இது என்ன?” என்று கேட்டார்.

“உப்பு, மேடம்” என்றார் கூடப் போன சுகாதார ஆய்வாளர் ராஜபாண்டி. ஐந்து ஊர்களுக்குப் பொறுப்பான மனிதர். அதில் நான்கு ஊர்களில் ‘சரி மேடம்’ என்பதைத் தவிர அவர் வேறெதுவும் சொல்லிக் கேட்டதில்லை.

“நான் பொருளைக் கேட்கவில்லை. உருவத்தைக் கேட்டேன்.”

“குன்று மாதிரி இருக்கு, மேடம்.”

“மாதிரி என்ற சொல் ரிப்போர்ட்டில் வரக்கூடாது” என்றார் அம்மையார்.

அன்றைக்கே அம்பாரத்தின் உச்சியில் ராஜபாண்டியை ஏற்றி நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார்கள். உப்பள வேலைக்காரர்கள் கீழே நின்று, “சார், செருப்பையாவது கழத்துங்க, சாப்புடுத உப்பு” என்று கத்தினார்கள். மலைவாழ் மக்கள் படமும் ஒன்று வேண்டியிருந்ததால், வலையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பக்கமாக வந்த ஹென்றியைக் கூப்பிட்டார்கள்.

ஹென்றி விவரம் கேட்டுவிட்டுச் சிரித்தார். “கடலுக்குப் போறவனை மலைக்காரம்னு படம் புடிக்கிய. சரி, நெசமான மலைக்காரனுக்கு ஊசி போட்டுட்டியளா?”

“மேற்கே மலையில் ரோடு சரியில்லை” என்றார் அம்மையார். “வி.ஐ.பி. கார் ஏறாது. விழா நடத்த முடியாத இடத்தில் எப்படித் தடுப்பூசி போடுவது? கொஞ்சம் யோசித்துப் பேச வேண்டும்.”

ஹென்றி யோசித்துப் பார்த்துவிட்டு வலையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

சங்குமுனை நிலையத்தின் நர்ஸ் மெட்டில்டாவுக்கு இந்த மலை விவகாரமெல்லாம் அப்புறம்தான் தெரிய வந்தது. ஆணையின் நகலைப் படித்ததும் அவருக்குச் சந்தோஷம்தான். போன மழைக்காலத்தில் காய்ச்சல்காரர்களைப் பார்த்துப் பார்த்துத் தானும் படுத்து, எழுந்திருக்கவே இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரமும் நிலையத்தில் நர்ஸே இல்லை. “இந்தா என் கை. எப்பம்னு சொல்லுங்க” என்றார்.

மறுநாளே ஊசி மருந்து ஐஸ் பெட்டியில் வந்தது. அதைத் தடுப்பூசி ஃபிரிட்ஜில் வைத்து மூடினார்கள். நெஞ்சு உயரத்துக்கு, மேல்பக்கம் மூடி வைத்த பெரிய வெள்ளை ஃபிரிட்ஜ் அது. மெட்டில்டா சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வந்து நின்றார். ராஜபாண்டி பையிலிருந்து சிவப்பு ரிப்பனை எடுத்து, ஃபிரிட்ஜை மூடியோடு சேர்த்துச் சுற்றி, நடுவில் பூப்போல ஒரு முடிச்சுப் போட்டார்.

“இது எதுக்கு சார்?”

“திறப்பு விழா. சிறப்பு விருந்தினர் வந்து வெட்டணும். வெட்டுனதுக்கு அப்புறம்தான் உங்களுக்கு ஊசி.”

“எப்பம் வாராரு?”

“நாளைக்கு.”

சிறப்பு விருந்தினர் மறுநாள் வரவில்லை. அவருக்கு ஃபுளூ காய்ச்சல். குணமாகி எழுந்தபோது ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் அவர் ரிப்பன் வெட்டுவதில்லை. விழாவை ஆவணிக்குத் தள்ளி வைத்தார்கள். கடலோரத்தில் ஆடி என்றால் மாதா திருவிழா மாதம், சப்பரமும் கொடியேற்றமுமாக ஊரே அமளிப்படும் மாதம். “எங்களுக்கு ஆடி நல்ல மாசந்தான் சார்” என்று மெட்டில்டா சொல்லிப் பார்த்தார். “மருந்து உங்களுக்கு. நல்ல நேரம் அவருக்கு” என்றார் ராஜபாண்டி. எரிச்சலில் சொல்லவில்லை; அவருக்குத் தெரிந்த நியாயம் அது.

இப்போது சங்கடம் என்னவென்றால், ஆணையின் பாதி அமலுக்கு வந்துவிட்டது. ஊசி போடும் பாதி ஆவணியில். தொடக்கூடாது என்ற பாதி உடனடியாக. மெட்டில்டாவின் கையில் பச்சைப் பட்டை இல்லை. எனவே நோயாளிகளைத் தொடக்கூடாது. டாக்டரைக் கேட்கலாம் என்றால், அவரை மேடை அலங்காரக் குழுவில் போட்டு அனுப்பிவிட்டார்கள். ராஜபாண்டி சாக்பீஸால் வெளிநோயாளி அறையின் நடுவே ஒரு கோடு போட்டார். கோட்டுக்கு இந்தப் பக்கம் மெட்டில்டா, அந்தப் பக்கம் ஊர்.

வைத்தியம் வாய்வழியாக நடந்தது. “அந்தப் பஞ்சை எடுங்க, மருந்துல முக்குங்க, இப்பம் அண்ணாச்சி கால்ல வைங்க. அண்ணாச்சி கத்தத்தான் செய்வாரு, விடாதிய.” நோயாளிகளே ஒருவருக்கொருவர் பிரஷர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு கிழவருக்கு ஹென்றி கட்டுப் போட்டுவிட்டார். வலை கட்டுகிற முடிச்சு. சுறா இழுத்தாலும் அவிழாது என்றார். ஒரு வாரம் கழித்து உண்மையிலேயே அவிழவில்லை.

இதையும் வெற்றி என்று எழுத வழி இருந்தது. “ஆணை வந்த நாள் முதல் சங்குமுனையில் எந்தப் பணியாளரிடமிருந்தும் எந்த நோயாளிக்கும் காய்ச்சல் பரவவில்லை” என்று மாவட்ட அறிக்கையில் வந்தது. பரவாதுதான். தொட்டால்தானே.

மெட்டில்டாவை உறுத்தியது வேறொன்று. ஊரில் இருந்தது ஒரே ஒரு ஃபிரிட்ஜ். புதன்கிழமை குழந்தைகளுக்குப் போடும் ஊசி, கர்ப்பிணிகளுக்கானது, நாய்க்கடி ஊசி எல்லாம் அந்த ஃபிரிட்ஜுக்குள்தான். எல்லாம் அந்த ரிப்பனுக்குள். இரண்டு புதன்கிழமை தாய்மார்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து, ரிப்பனைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். அலுவலகத்துக்கு மெட்டில்டா போன் போட்டார். “பிள்ளைகள் சின்னப் பிள்ளைகள்தானே, அவர்களுக்கு நிறைய நாள் இருக்கிறது” என்று பதில் வந்தது.

இந்த நிலையில்தான் உப்பளத்துக்கு வேலைக்குப் போன சுடலைச்செல்வியை நாய் கடித்தது.

கெண்டைக்காலில் நான்கு பல். கடித்துவிட்டு, நாய் வாயில் நுரையோடு பாத்தி வரப்பில் சுற்றிச் சுற்றி ஓடியதைக் கூட வேலை பார்த்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். சேலையைக் கிழித்துக் கட்டிக்கொண்டு நேராக நிலையத்துக்கு வந்தாள். முப்பது வயதிருக்கும், வீட்டில் இரண்டு பிள்ளைகள், புருஷன் தோணியில் மாலத்தீவுக்குப் போயிருந்தான்.

மெட்டில்டா காயத்தைப் பார்த்தார். சாக்பீஸ் கோட்டைப் பார்த்தார். அப்புறம் கோட்டைத் தாண்டிப் போய், அவளைக் குழாயடியில் உட்கார வைத்து, சோப்புப் போட்டுக் காயத்தைக் கழுவ ஆரம்பித்தார்.

“சிஸ்டர், தொட்டுட்டிய” என்றார் ராஜபாண்டி.

“ஆமா, தொட்டுட்டேன். எழுதிக்கிடுங்க.”

கழுவி முடித்ததும், “இப்பம் ஊசி” என்றார். ராஜபாண்டி ஃபிரிட்ஜுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். வழி மறிக்கிற மனிதர் இல்லை அவர். ஆனால் வேறு எங்கே நிற்பது என்றும் அவருக்குத் தெரியவில்லை. அடுத்த நிலையத்துக்குப் போகச் சொன்னார். சுடலைச்செல்வி பஸ் பிடித்துப் போனாள். அங்கே கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, “உங்க ஊர்லயே மருந்து இருக்குன்னு காட்டுது, இங்கன எதுக்கு வாரிய?” என்று திருப்பி அனுப்பினார்கள். அவள் மறுநாள் காலை மறுபடியும் மெட்டில்டாவின் முன்னால் நின்றாள். கால் வீங்கியிருந்தது.

“சிஸ்டர், அந்த நாய் செத்துப்போச்சு” என்றாள். அப்படியென்றால் வெறிநாய்தான் என்பது மெட்டில்டாவுக்குப் புரிந்தது. வெறிநாய்க்கடிக்கு நோய் வந்த பிறகு மருந்து கிடையாது. வருமுன் போட்டால் உண்டு. அவ்வளவு எளிய விஷயம்.

அன்றைக்குத்தான் ஒத்திகை. ஆடியில் விழா நடத்தத்தான் கூடாதே தவிர, ஒத்திகைக்குத் தடை இல்லை. வாசலில் பந்தல், நாற்காலிகள், மைக் செட், இரண்டு மேளக்காரர்கள், வேட்டுப் போட ஓர் ஆள். நாற்காலி காலியாக இருக்கக்கூடாது என்று ஊர்க்காரர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார்கள். ஃபிரிட்ஜையும் வயரோடு வாசல் வரைக்கும் இழுத்து வந்து நிறுத்தியிருந்தார்கள். அருணாசலவடிவு அம்மையார் மைக்கைப் பிடித்தார்.

“தடுப்பூசி என்பது உடம்புக்குள் போவதற்கு முன்னால் மக்களின் மனதுக்குள் போக வேண்டும். மனதுக்குள் போவதற்கு முன்னால் பத்திரிகைக்குள் போக வேண்டும். சிலர் கேட்கிறார்கள், மருந்து வந்தவுடனே போட்டிருக்கலாமே என்று. போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? எல்லோரும் ஆரோக்கியமாக இருந்திருப்பார்கள். ஆனால் யாருக்குத் தெரிந்திருக்கும்? தெரியாத ஆரோக்கியத்தால் துறைக்கு என்ன பயன்?”

மெட்டில்டா சுடலைச்செல்வியின் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு மேடைக்கு வந்தார். “மேடம், நாய்க்கடி. நேத்தே கடிச்சது. மருந்து இதுக்குள்ள இருக்கு.”

அம்மையார் மைக்கை மூடவில்லை. “கடித்த நாய் எந்த ஊர் நாய்?”

“மேடம், நாயும் செத்துப்போச்சு.”

“அப்படியென்றால் அவசரம் இல்லையே.”

“நாய்க்கு அவசரம் இல்ல மேடம். இவளுக்குத்தான்.”

பந்தலில் சலசலப்பு. ஹென்றி எழுந்து வந்தார். “அம்மா, முடிச்சுதான? நான் நோகாம அவுத்துத் தாரேன். மருந்தை எடுத்துட்டு இருந்தது மாதிரியே கட்டிருதேன். உங்க விருந்தாளிக்குத் தெரியவே தெரியாது.”

“அவிழ்ப்பதா?” அம்மையாருக்கு முகம் சிவந்துவிட்டது. “திறப்பு விழா ரிப்பனை இதுவரை யாராவது அவிழ்த்திருக்கிறார்களா? வெட்டுவதுதான் முறை. முறை தெரியாமல் பேசக்கூடாது.”

“வெட்டுறதுதான் முறைன்னா சரி” என்றார் மெட்டில்டா.

கட்டுத் துணி வெட்டுகிற கத்தரிக்கோல் அவர் கோட்டுப் பையில் இருந்தது. எடுத்தார். ரிப்பனின் பூ முடிச்சைத் தள்ளிவிட்டு ஒரே வெட்டு.

அப்போது நடந்ததற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ரிப்பன் விழுந்தால் கைதட்ட வேண்டும் என்பது நம் ஊரில் பால்குடி மறக்குமுன் பழகுகிற பழக்கம். பந்தலில் இருந்த அத்தனை பேரும் கைதட்டினார்கள். கைதட்டல் கேட்டதும் மேளம் கொட்டியது. மேளம் கேட்டதும் வேட்டுக்காரர் பற்ற வைத்துவிட்டார். மைக் செட்டுக்காரர் அவர் பங்குக்கு ஒரு பக்திப் பாட்டைப் போட்டார். புகைக்கும் சத்தத்துக்கும் நடுவே அருணாசலவடிவு அம்மையாரும் கைதட்டிக்கொண்டிருந்தார். நான்கைந்து தட்டுத் தட்டிய பிறகுதான் தன் கைகள் செய்கிற காரியம் அவருக்கே தெரிந்தது.

அதற்குள் சுடலைச்செல்விக்கு ஊசி போட்டாகிவிட்டது. அடுத்து மெட்டில்டா ஃபுளூ மருந்தை எடுத்து, இடது கையில் தனக்குத்தானே போட்டுக்கொண்டார். பெட்டியிலிருந்து ஒரு பச்சைப் பட்டையை எடுத்து, பல்லால் ஒரு முனையைக் கடித்து இழுத்துக் கட்டிக்கொண்டார். “சார், உங்களுக்கு?” என்று ராஜபாண்டியிடம் கேட்டார். ராஜபாண்டி அம்மையாரைப் பார்த்தார். “எனக்கு ஆவணியிலயே இருக்கட்டும், சிஸ்டர்” என்றார்.

சாயங்காலத்துக்குள் வாட்ஸ்அப்பில் பணியிடை நீக்கம் வந்துவிட்டது. குற்றங்கள்: ஆடி மாதத்தில் திறப்பு விழா நடத்தியது, சிறப்பு விருந்தினருக்குரிய ரிப்பனை வெட்டியது, மேலதிகாரியைக் கைதட்ட வைத்தது. ஃபிரிட்ஜை உள்ளே தள்ளிப் புது ரிப்பன் கட்டினார்கள். இம்முறை இரட்டைச் சுற்று. ஃபிரிட்ஜைத் திறக்கக் கூடாது என்று ஒரு புது ஆணையையும், சுவரில் பழைய ஆணைக்குப் பக்கத்தில் ஒட்டினார்கள்.

மெட்டில்டா அன்று இரவு அழுதார் என்று நான் எழுதினால் அது பொய். அவருக்குக் கோபம்தான் வந்தது. பத்தொன்பது வருஷ வேலையை ஒரு முழம் நாடாவுக்குப் பறிகொடுத்த கோபம். சுடலைச்செல்விக்கு அடுத்த ஊசி மூன்றாம் நாள். அது தவறினால் முதல் ஊசி போட்டும் பிரயோஜனம் இல்லாமல் போகலாம். அதை நினைக்க நினைக்கக் கோபம் கூடிக்கொண்டே போனது.

மூன்றாம் நாள் புதன்கிழமையாக வாய்த்தது. கைக்குழந்தைகளோடு தாய்மார்கள் வரிசையாக வந்து நின்றார்கள். மெட்டில்டாவின் இடத்துக்கு அனிஷா என்ற நர்ஸைப் போட்டிருந்தார்கள். நல்ல பெண். ஆனால் அவளுக்கும் ஃபுளூ ஊசி போடவில்லை, பச்சைப் பட்டை இல்லை. எனவே அவளையும் சாக்பீஸ் கோட்டுக்குப் பின்னால் உட்கார வைத்திருந்தார் ராஜபாண்டி.

வாசலில் மெட்டில்டா வந்து நின்றார். வெள்ளைக் கோட்டு இல்லை. திருவிழாவுக்கு எடுத்த கிளிப்பச்சைச் சேலை. பக்கத்தில் சுடலைச்செல்வி.

ராஜபாண்டி ஓடிவந்தார். “சிஸ்டர், நீங்க வரக்கூடாது. நீங்க சஸ்பென்ஷன்.”

“அதாம் வந்தேன். அந்த ஆணையைக் கொஞ்சம் வாசிங்க சார். ஃபிரிட்ஜைத் திறக்கக் கூடாதுன்னு யாருக்குச் சொல்லியிருக்கு?”

ராஜபாண்டி சுவரில் ஒட்டியிருந்ததைப் பார்த்து வாசித்தார். “பணியாளர் எவரும்.”

“நான் பணியாளரா?”

ராஜபாண்டி அந்த வரியை இன்னொரு தடவை வாசித்துப் பார்த்தார்.

“பெறவு நோயாளியை யாரு தொடலாம்னு போட்டிருக்கு?”

“ஃபுளூ ஊசி போட்டுப் பச்சைப் பட்டை கட்டினவங்க.”

மெட்டில்டா சேலை முந்தானையை விலக்கி இடது கையைக் காட்டினார். “இந்தக் கட்டடத்துல ஆணைப்படி நடந்தவ நான் ஒருத்திதான். வழி விடுதியளா?”

ராஜபாண்டியின் போன் அடித்தது. எடுத்தார். அருணாசலவடிவு அம்மையாரின் குரல் வரிசையில் கடைசியாக நின்றவருக்கும் கேட்டது. “அந்தப் பொம்பளை நிலையத்துக்கு வந்திருக்கிறாளாமே? உள்ளே விட்டீர்களென்றால் அடுத்தது நீங்கள்தான். ரிப்பன் பத்திரமாக இருக்கிறதா? ராஜபாண்டி? கேட்கிறதா?”

வரிசையில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. அதைப் பார்த்து இன்னொன்று. ராஜபாண்டி சுடலைச்செல்வியின் காலைப் பார்த்தார். அன்றைக்கு இவளை அடுத்த நிலையத்துக்குப் போகச் சொன்னது தான்தான் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. “சரி மேடம்” என்று சொல்லிவிட்டு, போனை அணைக்காமல் அப்படியே சட்டைப் பையில் போட்டார். பையிலிருந்து அம்மையார் பேசிக்கொண்டே இருந்தார்.

மெட்டில்டா கத்தரிக்கோலை எடுத்தார். இரட்டைச் சுற்று தொளதொளவென்று நழுவியது, கத்தரி பிடிபடவில்லை. ராஜபாண்டி பக்கத்தில் போய் நின்று, சிறப்பு விருந்தினருக்குப் பிடித்துக் கொடுப்பதுபோல ரிப்பனின் இரு பக்கத்தையும் விறைப்பாக இழுத்துப் பிடித்தார்.

“பாத்து வெட்டுங்க சிஸ்டர், என் விரல் இருக்கு.”

“சீக்கிரம் ஆகட்டும் சார்” என்றாள் சுடலைச்செல்வி, ரவிக்கைக் கையை மேலே ஏற்றிக்கொண்டே. “எனக்குப் பொறத்தால எம்புட்டுப் பிள்ளைய நிக்கி.”